'சார்' என்று அழைப்பதெல்லாம் மரியாதைதானா? டிராக் பந்தயத் திடலிலிருந்து ஒரு கேள்வி

எழுதியவர்: சார்லட் புதுவரவு

நண்பர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சியில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு கோடையில்தான் நாங்கள் வட கரோலினாவின் சார்லட் நகருக்குக் குடிபெயர்ந்தோம். பதினான்கு வயதான என் மகனுக்கு டிராக் பந்தயத்தின் மேல், அதாவது நேரான குறுந்தடத்தில் கார்கள் சீறி ஓடும் பந்தயத்தின் மேல் பித்து. பக்கத்தில் கான்கார்டில் உள்ள ஸீமேக்ஸ் திடலில், நான்கு தடங்களில் நான்கு கார்கள் ஒரே நேரத்தில் சீறிக் கிளம்பியதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. பெரிய பந்தயங்கள் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வருகின்றன என்பதால், சனிக்கிழமை இரவுகளில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்தக் கார்களை ஓட்டும் ஒரு சிறிய திடலுக்கும் அவனை அழைத்துப் போக ஆரம்பித்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் அங்கே நடந்த ஒன்றைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்கவே இதை எழுதுகிறேன். கம்பி வேலியோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த என் மகனைப் பார்த்து, எழுபதைக் கடந்த வெள்ளையர் ஒருவர் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து காதடைப்பான் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டி, அதை விரலால் எப்படி உருட்டிக் காதுக்குள் செருக வேண்டும் என்று காட்டினார். பிறகு தன் காரின் பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் பொறுமையாக ஒவ்வொரு பாகத்தையும் விளக்கி, அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவும் வைத்தார். என் தகப்பனார் வயதுள்ள அவர், நான் கேட்டதற்கெல்லாம் "யெஸ் சார்", "நோ சார்" என்றே பதில் சொன்னார். என் மகனையும் 'சார்' என்றுதான் அழைத்தார். நியூ ஜெர்சியில் பதினோரு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த 'சார்'களைவிட அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தவை அதிகம்.

விடைபெற்றுக் கிளம்பும்போதுதான் அவருடைய டிரெய்லரின் பின்கதவில் ஒட்டியிருந்த கான்ஃபெடரேட் கொடியின் (அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலங்களின் கொடி) ஸ்டிக்கரைப் பார்த்தோம். காரில் ஏறியதும் மகன், "அப்பா, அவர் நல்லவர்தானே?" என்று கேட்டான். வீடு வந்து சேரும்வரை நாற்பது நிமிடங்கள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அவருடைய இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் தள்ளி ஒரு கறுப்பினக் குடும்பம் தங்கள் காரை நிறுத்தியிருந்தது. எங்களுடன் இவ்வளவு பணிவாகப் பேசியவர் அவர்களுடன் எப்படிப் பேசினார் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

தெற்கில் நெடுநாள் வாழ்ந்தவர்களும் இந்தப் பந்தயத்தை நெடுங்காலமாகப் பின்தொடர்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்தப் பணிவை நான் எப்படி எடுத்துக்கொள்வது? திடலுக்குள் நிற வேற்றுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, அல்லது பேச்சு நாகரிகம் அதை மூடி வைத்திருக்கிறதா?

---

மறுமொழி: பீச்மரத்தடி

தம்பி, ஜார்ஜியாவில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வாழ்கிறேன். என் கணவர் ஒரு பழைய ஷெவர்லே நோவாவை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் பிராக்கெட் பந்தயம் (தன் கார் ஓடும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டு ஓட்டுவது) ஓட்டுகிறவர். ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளோடும் எனக்குப் பழக்கம் உண்டு.

முதலில், அந்த 'சார்' உங்களுக்காகப் போட்ட வேடம் அன்று. இங்கே குழந்தைகள் பேசப் பழகும்போதே 'யெஸ் மேம்', 'நோ சார்' என்று சொல்ல வைக்கிறார்கள். சொல்லாத பிள்ளையைப் பார்த்துப் பாட்டி கண்ணை உருட்டுவார். வெள்ளையர் வீடுகளைப் போலவே கறுப்பர் வீடுகளிலும் இந்த வளர்ப்பு உண்டு. சொல்லப்போனால், கறுப்பர் வீடுகளில் கண்டிப்பு இன்னும் அதிகம் என்றே நான் சொல்வேன். மூத்தவர்களை வெறும் பெயரால் அழைக்காமல், பெயருக்கு முன் 'மிஸ்' அல்லது 'மிஸ்டர்' சேர்த்து அழைப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம். என்னை மருத்துவமனையில் உடன் பணிபுரியும் இளம்பெண்கள் எல்லோரும் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த மரியாதைச் சொல் ஒரு காலத்தில் அளந்து கொடுக்கப்பட்ட பண்டம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த நாட்களில், வெள்ளையர்கள் ஒரு கறுப்பின ஆணை எவ்வளவு வயதானாலும் 'பாய்' என்று, அதாவது 'பையா' என்று, அழைத்தார்கள். முடி நரைத்த பிறகு 'அங்கிள்' ஆனார். அவர் மனைவி 'ஆன்ட்டி' ஆனார். 'மிஸ்டர்', 'மிஸஸ்' மட்டும் கிடைக்கவே கிடைக்காது. 1963-இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில், மேரி ஹாமில்டன் என்ற குடிமை உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று பெயர் சொல்லி விசாரித்தார். வெள்ளையரான சாட்சிகளுக்குத் தருவதைப் போல 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தாலன்றிப் பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கு வாஷிங்டன் வரை போய், 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒற்றைச் சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல்லின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமா என்ன? எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வயலில் வேலை செய்த அறுபது வயது மனிதரைப் பண்ணை வீட்டின் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி 'வாடா' என்றதை நானே திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதே பையன் எங்கள் தாத்தாவைக் கண்டால் எழுந்து நின்று 'வாங்க தாத்தா' என்பான். பண்பான பையன் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர்.

ஆகவே அந்தப் பெரியவர் உங்களுக்குச் சொன்ன 'சார்' உங்கள் கேள்விக்கு விடையாகாது. இரண்டு வண்டி தள்ளி நின்றவர்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பதைக் கவனிக்கவில்லை என்று வருந்துகிறீர்களே, அந்த வருத்தம் சரியான இடத்தில்தான் பிறந்திருக்கிறது.

திடலைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். புறப்படும் கோட்டில் 'கர்ட்டசி ஸ்டேஜிங்' என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கார்களும் தடத்தின் குறுக்கே பாயும் முதல் ஒளிக்கற்றையைத் தொட்டு, விளக்குக் கம்பத்தின் மேலே உள்ள சிறு விளக்குகள் இரு பக்கமும் எரிந்த பிறகுதான், யாராவது ஒருவர் அடுத்த சில அங்குலங்கள் நகர்ந்து இரண்டாவது கற்றைக்குள் நுழைய வேண்டும். எதிராளி இன்னும் தயாராகாத நேரத்தில் முந்திக்கொண்டு உள்ளே போய் அவரை அவசரப்படுத்துவது அநாகரிகம். சில திடல்களில் இது விதி, சில திடல்களில் வெறும் வழக்கம். என் கணவர் ஓட்டும் திடலில் இந்த வழக்கத்தை மீறுகிறவரைப் பற்றி அன்று இரவே எல்லோரும் பேசிவிடுவார்கள். அவர் எந்த நிறத்தவர் என்பது அந்தப் பேச்சில் வந்து நான் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது வேறு விஷயம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

---

மறுமொழி: அரசியல் வேண்டாமே

நாம் திடலுக்குப் போவது கார் பார்ப்பதற்காக. அந்தப் பெரியவர் உங்கள் பையனுக்குக் காதடைப்பான் கொடுத்தார், இருக்கையில் உட்கார வைத்தார். ஸ்டிக்கரைப் பார்த்து அவரை எடை போட வேண்டிய அவசியம் என்ன? மேலும், டிராக் பந்தயத்தில் தீர்ப்புச் சொல்வது மின்கடிகாரம். அதற்கு நிறம் தெரியாது. மற்ற விளையாட்டுகளில் இருக்கும் இந்தப் பிரச்சினை இதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

---

மறுமொழி: டைம்ஸ்லிப் சேகரிப்பவன்

மேலே எழுதிய நண்பர் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது பாதி சரி. அந்தப் பாதி சிறியதன்று என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1963-இல் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் நடந்த தேசியப் பந்தயத்தில்தான் 'கிறிஸ்மஸ் மரம்' என்று நாம் அழைக்கும் விளக்குக் கம்பம் அறிமுகமானது. அதுவரை ஒரு மனிதர் கொடியை அசைத்துத்தான் கார்களை அனுப்பினார். யார் முன்னால் கிளம்பினார், யார் ஏமாற்றினார் என்பதெல்லாம் அவர் கண்ணும் கையும் சொன்னபடிதான். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், வட்டத் தடத்தில் பல சுற்றுகள் ஓடும் நாஸ்கார் அமைப்பின் ஸ்டாக் கார் பந்தயத்தில் வெண்டல் ஸ்காட் எல்லோரையும்விட முன்னால் ஓடி முடித்தார். வர்ஜீனியாவின் டான்வில் ஊரைச் சேர்ந்த கறுப்பர் அவர். தன் காரைத் தானே பழுது பார்த்து, தானே இழுத்துவந்து ஓட்டியவர். சுற்றுகளைக் கையால் எண்ணிய காலம் அது. கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையரே வென்றவர் என்று அறிவித்து, கோப்பையையும் அவருக்கே கொடுத்து அனுப்பினார்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லி ஸ்காட்டிடம் பரிசுத் தொகையை ஒப்படைத்தார்கள். வெற்றி மேடையில் வெள்ளை அழகுராணி ஒருத்தி வென்றவருக்கு முத்தமிடும் வழக்கம் இருந்ததும் இந்தப் 'பிழை'க்குக் காரணம் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். நாஸ்கார் அவருடைய குடும்பத்திடம் முறையாகக் கோப்பையைக் கொடுத்தது 2021-இல். ஸ்காட் 1990-லேயே இறந்துவிட்டார்.

எனவே மனிதர் எண்ணும் இடத்தில் என்ன நடக்கும், மின்விளக்கு எண்ணும் இடத்தில் என்ன நடக்கும் என்ற வேறுபாடு உண்மையானது. பிராக்கெட் பந்தயத்தில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும். உங்கள் கார் 11.40 வினாடியில் ஓடும் என்று நீங்களே கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதுகிறீர்கள், எதிராளி 9.90 என்று எழுதியிருந்தால், உங்களுக்கு ஒன்றரை வினாடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். சொன்னதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். இருபதாயிரம் டாலர் காரும் இரண்டாயிரம் டாலர் காரும் ஒரே தடத்தில் நியாயமாக மோதலாம். ஏழைக்கும், புதியவருக்கும், பெரிய பட்டறைகளோடு பழக்கம் இல்லாதவருக்கும் இடம் தருகிற ஏற்பாடு இது.

ஆனால் கடிகாரம் தடத்தில்தான் இருக்கிறது. தடத்துக்கு வந்து சேருகிற வழியில் அது இல்லை. அறுபதுகளில் மால்கம் டர்ஹம் என்றொருவர் இருந்தார். வட கரோலினாவில் பிறந்து வாஷிங்டன் பக்கம் குடியேறியவர். 'ஸ்ட்ரிப் பிளேசர்' என்று பெயரிட்ட தன் ஷெவர்லே கார்களால் புகழ்பெற்றவர். முகமது அலி அப்போது 'லூயிவில் லிப்' (லூயிவில் நகரின் வாயாடி) என்று அழைக்கப்பட்டதைப் போல, இவரை 'டி.சி. லிப்' என்று விளம்பரம் செய்தார்கள். இரண்டு புகழ்பெற்ற ஓட்டுநர்களை எதிரெதிரே நிறுத்திப் பணம் கொடுத்து ஓட வைக்கும் மேட்ச் ரேஸ்களின் பொற்காலம் அது. 1964-இல் குடிமை உரிமைச் சட்டம் வரும்வரை, காரை இழுத்துக்கொண்டு தெற்கே போகிற ஒரு கறுப்பர் பெரும்பாலான விடுதிகளில் இரவு தங்க அறை கேட்க முடியாது. பெட்ரோல் போட்ட இடத்திலேயே கழிப்பறைக்குப் போக முடியுமா என்பதும் நிச்சயமில்லை. ஆயிரத்து முந்நூற்று இருபது அடி நீளமுள்ள தடத்தில் எல்லோரும் சமம் என்றால், அந்த ஆயிரத்து முந்நூற்று இருபது அடிக்கு முன்னும் பின்னும் இருந்த ஐந்நூறு மைல்களை யார் கணக்கில் எடுப்பது?

---

மறுமொழி: பசிபிக் கரை

தெற்கை மட்டும் கூண்டில் ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. கலிபோர்னியாவில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். இங்கே யாரும் 'சார்' போட மாட்டார்கள். எல்லோரும் எல்லோரையும் முதல் பெயரால் அழைத்துத் தோளில் தட்டுவார்கள். அதனால் இங்கே ஏற்றத்தாழ்வு இல்லை என்று நினைத்து ஏமாறக் கூடாது.

டான் புருதோம் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ஸ்னேக்' என்ற பட்டப்பெயரோடு இந்தப் பந்தயத்தின் முகமாகவே விளங்கியவர். 1975 முதல் 1978 வரை ஃபன்னி கார் என்ற அதிவேகப் பிரிவில் தொடர்ந்து நான்கு முறை சாம்பியன். லாஸ் ஏஞ்சல்ஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், தகப்பனாரின் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் லூசியானாவிலிருந்து வந்த கிரியோல் மக்கள் (பல இனங்களின் கலப்பு வழியினர்) என்பதையும், தன் குடும்பத்துக்குக் கறுப்பின வேர் உண்டு என்பதையும், அது வீட்டில் வெளிப்படையாகப் பேசப்படவில்லை என்பதையும் 2020-இல் வெளியான தன் வாழ்க்கைக் கதையில்தான் அவர் விரிவாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. அந்தப் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த காலத்தில் வளர்ந்த குடும்பம் அது. பத்திரத்தில் எழுதியவர்களும் தோளில் தட்டிச் சிரித்தவர்கள்தான்.

இதே நகரத்தில் நல்லதும் நடந்தது. 1965-இல் வாட்ஸ் பகுதிக் கலவரத்தில் முப்பத்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'பிக் வில்லி' ராபின்சன் என்ற ஆறடி ஆறங்குல உயரக் கறுப்பர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர், தெருப் பந்தயக்காரர்களுக்காக ஒரு சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழியினர், ஆசியர் என்று ஒருவரை ஒருவர் கண்டால் கத்தியை எடுக்கிற கும்பல்களை, கத்தியை வீட்டில் வைத்துவிட்டு காரோடு வரச் சொன்னவர் அவர். அவருடைய மனைவி டொமிகோவும் பந்தயம் ஓட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் 1974-இல் அவர்கள் திறந்த திடல், மூடுவதும் மீண்டும் திறப்பதுமாகத் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது. நான் அமெரிக்கா வந்த புதிதில் அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடுவார்கள். அவர் யாரையும் 'சார்' என்று அழைத்து நான் கேட்கவில்லை. 'பிரதர்' என்றுதான் அழைத்தார், அதையும் ஓர் அதட்டல் மாதிரியே சொன்னார். 2012-இல் காலமானார். அந்த இடத்தில் இப்போது கப்பல் சரக்குப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன். போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

---

மறுமொழி: பிட் ஓரம் நிற்பவன்

இன்றைய நிலை பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆன்ட்ரன் பிரவுன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நியூ ஜெர்சிக்காரர், தகப்பனாரும் சிற்றப்பாவும் கழிவுநீர்த் தொட்டி வேலை செய்துகொண்டே வார இறுதிகளில் பந்தயம் ஓட்டியவர்கள். முதலில் மோட்டார் சைக்கிள் பிரிவில் பத்தாண்டுகள் ஓட்டி, 2008-இல் மிக வேகமான கார்கள் ஓடும் டாப் ஃபியூவல் பிரிவுக்கு வந்தார். 2012-இன் கடைசிப் பந்தயம் பொமோனாவில் நடந்தபோது, முதல் சுற்றிலேயே அவருடைய எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்து அவர் வெளியேறினார். அதற்குப் பிறகு நாள் முழுவதும் அவர் செய்ய முடிந்தது காத்திருப்பது ஒன்றுதான். டோனி ஷூமாக்கர் இறுதிச் சுற்றை வென்றால் பட்டம் அவருக்கு. அந்தச் சுற்றில் ஷூமாக்கர் தோற்றார். ஏழே ஏழு புள்ளி வித்தியாசத்தில் பிரவுன் சாம்பியன் ஆனார். அமெரிக்காவின் பெரிய மோட்டார் பந்தயத் தொடர் ஒன்றில் பட்டம் வென்ற முதல் கறுப்பர் அவர். 2015, 2016 ஆண்டுகளிலும் வென்றார். பிறகு சொந்த அணி தொடங்கி 2024-இல் நான்காவது முறையும் வென்றார். ஜே.ஆர். டாட் 2018-இல் ஃபன்னி கார் பட்டத்தை வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெர்லி மல்டவுனி என்ற பெண்மணி எழுபதுகளிலேயே டாப் ஃபியூவல் பட்டத்தை வென்று, மொத்தம் மூன்று முறை சாம்பியன் ஆனதும் இந்தப் பந்தயத்தில்தான். ஸ்டாக் கார் உலகம் கான்ஃபெடரேட் கொடியைத் தன் திடல்களிலிருந்து விலக்க 2020 ஜூன் வரை எடுத்துக்கொண்டது.

இருந்தாலும் கடிகார வாதத்தை இங்கேயும் நீட்ட முடியாது. ஒரு டாப் ஃபியூவல் காரை ஓர் ஆண்டு முழுவதும் ஓட்டப் பல மில்லியன் டாலர் தேவை. அதைத் தருவது ஸ்பான்சர். ஸ்பான்சரின் அலுவலகத்தில் கடிகாரம் கிடையாது. அங்கே யார் யாருக்குத் தெரிந்தவர், யாரோடு கோல்ஃப் ஆடுகிறார் என்பதுதான் உண்டு. பிரவுனுக்கே முதல் வாய்ப்பு, உறவுவழியில் தெரிந்திருந்த டிராய் வின்சென்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தன் பணத்தில் அமைத்த மோட்டார் சைக்கிள் அணியில்தான் கிடைத்தது. சொந்தக்காரர் கதவைத் திறந்ததால் உள்ளே வந்தவர் அவர். திறக்கச் சொந்தக்காரர் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எந்த டைம்ஸ்லிப்பும் (ஓடிய நேரத்தை அச்சிட்டுத் தரும் சீட்டு) சொல்லாது.

பணிவுப் பேச்சு பற்றி ஒரு வார்த்தை. கரோலினாக்களிலும் ஜார்ஜியாவிலும் 'கிரட்ஜ்' பந்தயம் என்ற தனி உலகம் இருக்கிறது. அதில் ஓட்டுபவர்களும் பார்ப்பவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள், அதிலும் மோட்டார் சைக்கிள்கள் அதிகம். யாருடைய வண்டி எவ்வளவு வேகம் என்பது ரகசியம் என்பதால் நேரம் காட்டும் பலகையை அணைத்துவிடுவார்கள். யார் பக்கம் விளக்கு எரிந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஓடுவதற்கு முன் ஒரு மணி நேரம் எதிரெதிரே நின்றுகொண்டு, உன் வண்டி துருப்பிடித்தது, உனக்கு ஓட்டத் தெரியாது, பணத்தை இப்போதே எடுத்து வை என்று கூச்சல் போடுவார்கள். முதன்முறை பார்த்தபோது அடிதடி ஆகப்போகிறது என்று பயந்து நான் காருக்கே திரும்பிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், தோற்றவருடைய வண்டியை வென்றவரே டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். 'சார்' என்ற சொல்லை அன்று இரவு ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

---

மறுமொழி: அரசியல் வேண்டாமே

வெண்டல் ஸ்காட்டின் கோப்பை விவரம் எனக்குத் தெரியாது. கடிகாரத்துக்கு நிறம் தெரியாது என்று நான் எழுதியது உண்மைதான். ஆனால் அது போதாது என்று இப்போது படுகிறது. ஸ்டிக்கரைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு மனிதரை அரை மணி நேரத்தில் முடிவு கட்டக் கூடாது.

---

மறுமொழி: சார்லட் புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. அரை மணி நேரத்தில் முடிவு கட்டக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டு, சென்ற சனிக்கிழமை மறுபடியும் போனோம். இந்த முறை கவனித்தேன்.

அந்தப் பெரியவர் அதே இடத்தில் இருந்தார். என் மகனின் பெயரை நினைவு வைத்திருந்தார், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் உதைத்தது. இரண்டு வண்டி தள்ளி அதே கறுப்பினக் குடும்பம். குடும்பத் தலைவருக்கும் எழுபது வயதிருக்கும். மாலை முழுவதும் இருவரும் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போய் வந்துகொண்டிருந்தார்கள். கறுப்பினப் பெரியவர் வந்து, கேட்காமலே, இவருடைய டிரெய்லருக்குள் கையை விட்டு ஜாக்கை எடுத்துப் போனார். போகும்போது இவரை 'மிஸ்டர்' சேர்த்து அழைத்தார். இவரோ அவரை வெறும் பெயரால் அழைத்தார். ஒரே வயது, ஒரே திடல். இந்தச் சிறு வித்தியாசத்தை முதலில் கவனித்தது நானல்ல, என் மகன். பீச்மரத்தடி அக்கா எழுதியதை நான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

காரின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கறுப்பினப் பெரியவர் டயர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாமல், அந்த டிரெய்லரின் கதவைப் பற்றி அவரிடம் கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் அளவுமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருஷமா அவரைக் கேட்காமத்தான் இந்த ஜாக்கை எடுக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் படத்தைப் பத்தியும் முப்பது வருஷமாக் கேட்டதில்ல" என்றார். டிரெய்லர்க்காரருடைய வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு ஒலிபெருக்கியில் அவருடைய பிரிவைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளை ஷூ பாலிஷ் புட்டியை என் மகனிடம் நீட்டி, கண்ணாடியில் எண்ணை எழுதச் சொன்னார் அவர். 11.40 என்று எழுதினான். நான்கு கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. அழித்து எழுதட்டுமா என்று கேட்டான், நேரமில்லை என்று சொல்லிவிட்டு ஓட்டிப் போனார். மறு தடத்தில் வந்து நின்ற கார் நம் வெள்ளையினப் பெரியவருடையது. இருவரும் முதல் ஒளிக்கற்றையில் நின்றுகொண்டு, யார் முதலில் உள்ளே நுழைவது என்று ஒருவருக்கொருவர் வெகுநேரம் காத்திருந்தார்கள். விளக்கு போடுகிறவர் பொறுமை இழந்து கையை அசைக்கும்வரை காத்திருந்தார்கள். 11.40 எழுதியவர் 11.42 ஓடினார். அவ்வளவு துல்லியமாக ஓடியும் கிளம்புகையில் தாமதித்ததால் தோற்றார். அந்த டைம்ஸ்லிப்பை அவர் என் மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது அது அவன் மேசை மீது, காதடைப்பான் பொட்டலத்தின் அருகில் இருக்கிறது. பெரியவர் நல்லவரா என்று அவன் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்றுதான் கேட்டான்.